வளையக் குழாயும் என் காதும்

சிறுநீரகம் பழுதான மனிசனுக்குப் பெண்சாதியாக இருப்பது முழுநேர உத்தியோகம், லீவு கிடையாது. இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு குடும்பம் நடத்தும் சகோதரிகளே, உங்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நேரா, வளையமா?

இவருடைய இடக்கை இரத்தநாளங்கள் அடைத்துப்போக, மெசின் ஊசி குத்த வலக்கைத் தோலுக்குக் கீழே செயற்கைக் குழாய் வைக்க வேண்டி வந்தது. டொக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு கைப்படம் கீறினார். நேர்க்குழாய் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் போகும். ஆனால் மணிக்கட்டு நாடி மெல்லிசு, கெதியில் அடைக்கலாம். வளையக்குழாய் முழங்கையில் தொடங்கி, கீழே இறங்கி, திரும்பி ஏறும். ஓட்டம் நல்லது, குத்தவும் இடம் கூட, ஆனால் விரல்களுக்கு இரத்தம் குறையலாம். இவர் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் கேட்டேன்: "உங்கடை கையெண்டால் எதை வைப்பியள்?"

டொக்டர் பேனையை மூடினார். "வளையம்தான் அம்மா. ஆனா இதுவும் அடைச்சுதெண்டால் குத்த வேறை இடமில்லை."

ஹெலி

வளையம் வைத்தோம். இரத்தம் ஓடினால் அது கைக்கு அதிரும், காதுக்கு இரையும். விடிந்ததும் தேத்தண்ணிக்கு முதல் அதைக் கேட்பது என் வேலை. ஒருநாள் காதை வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. சண்டைக் காலம், வீட்டுக்கு மேலே ஆமி ஹெலிகொப்டர் இரைந்து சுற்றுகிறது. குழாய் நின்றுவிட்டதோ என்ற பயத்தில் குண்டுப் பயம் மறந்து, கையைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றேன். இவர் கத்தினார்: "கையை விடும் பாப்பம், அதுவும் என்னோடைதான் பங்கர் குழிக்கு வரும்!"

நூல்

இவருடைய தமக்கை, என் மச்சாள், சந்நிதிக் கோயிலில் நேர்த்தி வைத்து நூல் கொண்டுவந்தா. ஆம்பிளைக்கு வலக்கை, அதிலும் நோயுள்ள இடத்தில் கட்டினால் விசேஷமாம். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, வளையத்துக்கு மேலேயே மூன்று சுற்று, மூன்று முடிச்சு போட்டுவிட்டா. வந்து தொட்டேன். அதிர்வு இல்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். "சாமி நூலை வெட்டுறியோ, கொன்வென்டுக்காரி!" என்று மச்சாள் அலற அலற வெட்டினேன்.

காதை வைத்தேன். சத்தமில்லை. கன்னியாஸ்திரிகள் படிப்பித்த செபமும் வாயில் வரவில்லை, தேவாரமும் வரவில்லை. இவருடைய விரல்கள் என் கன்னத்தில் குளிர்ந்து கிடந்தன. கனநேரத்துக்குப் பிறகு, எங்கேயோ தூரத்தில் மெல்லிய இரைச்சல். நான் மச்சாளின் தலையைப் பிடித்து அந்தக் கையில் வைத்தேன்.

"இரையுதடி," என்றா, அழுதுகொண்டு. "இதையே நான் நிப்பாட்டப் பாத்தன்?"

இப்போது விடிந்ததும் எனக்கு முதல் மச்சாள் காதை வைத்துவிடுவதால், இவருக்குத் தேத்தண்ணி கிடைக்கத்தான் இரட்டிப்பு நேரமாகிறது.