வாராவாரம் திரும்பி வந்த சூலூர் பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டார் நன்றாக வாசிக்கிறவனுக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு, "இன்னிக்கு என்னமோ பாட்டு நெறைவா இருந்துச்சுங்க" என்பதுதான்; அந்தக் கிட்டாரைச் சரிபார்த்துக் கொடுக்கிறவனுக்கு அதுகூடக் கிடையாது.

கல்யாண மண்டப மேடையில், டிரம்ஸுக்குப் பின்னால், ஏர் கூலரின் தண்ணீர் முதுகில் தெறிக்க நின்று நீங்கள் எப்போதாவது பேஸ் வாசித்திருந்தால், நீங்களும் என் சாதி சனம்தான். "அதென்னங்க, எல்லாரும் வாசிக்கறாங்க, நீங்க மட்டும் சும்மா நிக்கறீங்க" என்று கேட்ட சித்தப்பாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

கோவை ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் கடை. பேஸ் கிட்டார், ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி எல்லாம் விற்கிறோம், சரிபார்த்தும் கொடுக்கிறோம். வயரிங் வேலை என் கூட்டாளி ரபீக் பாயுடையது. கோட்டைமேட்டுக்காரர். கம்பியும் கழுத்தும் என் பொறுப்பு. கடை போடுவதற்கு முன்னால் நான் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் தரம் பார்த்துக்கொண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் என்று நிம்மதியாக இருந்தவன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையாக வேலையை விட்டேன். அதே கம்பெனியில் மேனேஜராக இருக்கும் மச்சான், என் மனைவி கவிதாவின் அண்ணன், கோபப்படவில்லை. "ஆடி முடியற வரைக்கும் பாரு மாப்ள. சரிப்படலீன்னா ஆவணி மொத முகூர்த்தத்துல வந்து சேந்துக்க. உன்ற எடத்தை அப்படியே வெச்சிருக்கறேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த அன்புதான் தூங்கவிடவில்லை.

வயிற்றுக்கு வரும் சத்தம்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாழைத் தோட்டக்காரர், இன்ஜினியரிங் படிக்கும் மகளோடு வந்தார். மகளுக்கு பேஸ் வேண்டும். அவருக்கு ஏன் வேண்டும் என்று தெரிய வேண்டும். சுவரில் மாட்டியிருந்த எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆறு கம்பி கிட்டாரைவிட நாலு கம்பி கிட்டார் விலை எச்சாக இருப்பது என்ன நியாயம் என்று கேட்டார். மரம், கம்பியின் கனம், கழுத்தின் நீளம் என்று நான் விளக்க விளக்க, அவர் ஒவ்வொரு கிட்டாரையும் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் தட்டிக் காதருகே கொண்டுபோய்க் கேட்டார். ஒன்றும் திருப்தியில்லை.

கடைசியில் மகள் ஒன்றைப் பெரிய ஆம்பில் செருகி, தடித்த கம்பியை ஒருமுறை இழுத்து விட்டாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஆம்ப் முன்னால் நின்றிருந்தார். முகம் மாறியது. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, "இன்னொருக்கா அடி கண்ணு" என்றார். அடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"காதுக்கு வரலைங்க, வவுத்துக்கு வருதுங்க. இதையே கட்டிக் குடுங்க."

நல்லா இருந்துச்சுங்க, முந்தி

ஸ்டீபன் சூலூரில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் சூபர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்கு பேஸ் வாசிப்பவர். எங்களிடம் வாங்கிய கிட்டார்தான். ஒரு திங்கட்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பியைத் தொட்டால் கிர்ர் என்று அதிர்கிறது என்றார்.

பேஸ் கிட்டாரின் கழுத்துக்குள் நீளமாக ஒரு இரும்பு ராடு ஓடும். நான்கு தடித்த கம்பிகள் கழுத்தை ஒரு பக்கம் இழுக்க, ராடு மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும். கழுத்து கொஞ்சம் பின்னால் வளைந்தால் கம்பி கீழே உரசும், முன்னால் வளைந்தால் கம்பி தூக்கிக்கொள்ளும். சாவியைப் போட்டு ராடைக் கொஞ்சம் திருகினால் சரியாகிவிடும். பம்பு கம்பெனியிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து என் ஃபீலர் கேஜ். மெல்லிய எஃகுத் தகடுகள், இடைவெளிக்குள் விட்டு அளவு பார்ப்பது. அதை வைத்து மயிரிழை பிசகாமல் சரிசெய்து கொடுத்தேன். "எங்கீங்க வெக்கறீங்க இதை?" என்றும் கேட்டேன். "நல்லா பத்தரமா வெச்சிருக்கறேனுங்கண்ணா" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி படியேறி வந்தார். கிர்ர் போய், இப்போது கம்பி விரலுக்கே எட்டாத உயரத்தில் நின்றது. நம் ஊர்க்காரர்கள் சண்டை போட மாட்டார்கள், அதுதான் கஷ்டம். ஸ்டீபன் ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்து, அப்புறம் மிக மெதுவாகச் சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. நீங்க சரி பண்றதுக்கு முந்தி கொஞ்சம் நல்லா இருந்துச்சுங்க."

குடம் உருண்ட பெட்டி

கச்சேரிக் குழு வைத்திருக்கும் ஒருவர் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க வந்தார். ஒன்று சின்னது, தெளிவாகப் பேசும். இன்னொன்று பெரியது, பேசாது, உறுமும். மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிவுக்கு வர முடியவில்லை. வித்தியாசம் தெரியவில்லை என்றுகூடச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வராத குறை.

அப்போது கீழே பாத்திரக் கடை நடத்தும் ஜெயாக்கா மூச்சிரைக்க மேலே வந்தார். "ஏனுங்க, மொதப் பொட்டியவே குடுத்துத் தாட்டுங்க. அந்த ரெண்டாவது பொட்டி பேசுனா என்ற கடையில குடம் உருண்டு ரோட்டுக்குப் போவுதுங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள், கச்சேரிக்காரர் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"குடமே உருளுதுங்களா? அப்ப ரெண்டாவதையே வண்டியில ஏத்துங்க."

கொதித்த கம்பிகள்

பேஸ் கம்பி விலை உங்களுக்குத் தெரியும். அதனால் பழைய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவிட்டு, அழுக்கு நீக்கி மறுபடி மாட்டுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. சத்தம் சில நாளைக்குப் புதுசாகக் கேட்கும். இந்த யோசனையை நான் ஒரு வாடிக்கையாளருக்குச் சொன்னேன். எந்தப் பாத்திரத்தில் என்று சொல்லாமல் விட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி வந்தார். ஒரு டிபன் பாக்ஸை மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே முறுக்குப்போல் சுற்றிய நான்கு கம்பிகள்.

"இனிமே நீங்களே வேக வெச்சுக் குடுத்துருங்க. என்ற குக்கருல நேத்து வெச்ச பருப்பை யாரும் வாயில வெக்கலைங்க."

பத்தியம் மீறும் நோயாளி

சூலூர் கிட்டார் மூன்றாவது முறையும் வந்தது. இந்தத் தடவை கடையிலேயே சில நாள் வைத்திருந்தேன். தினமும் காலையில் கேஜ் வைத்துப் பார்ப்பேன். அசையவில்லை. உத்தமமாக நின்றது. ஸ்டீபன் கொண்டுபோனார். அடுத்த வாரம் கழுத்து வில்லாக வளைந்து வந்தது.

சொல்வதற்கென்ன, பயந்துவிட்டேன். ராடைத் திருகுவதற்கும் ஒரு எல்லை உண்டு. இனி ஒரு கால் சுற்றுக்கு மேல் போனால் அறுந்துவிடும், அறுந்தால் கழுத்தையே தூக்கி எறிய வேண்டியதுதான். சர்ச்சில் ஸ்டீபன் பக்கத்தில் நிற்கும் மற்ற வாத்தியக்காரர்களும் என் வாடிக்கையாளர்கள்தான். அவர்கள் வாராவாரம் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன் கிட்டாரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டதாகக் காதில் விழுந்தது. வார்ப்பு இரும்பைப் பார்த்துப் பழகிய கைக்கு மரம் வசப்படாதோ? வீட்டில் கவிதா, நான் கம்பெனிக்குப் போட்டுப் போன பழைய நீலச் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்திருந்தாள்.

ரபீக் பாயிடம், ஆவணியில் போய்விடலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, சூலூர் கிட்டாரை எடுத்து முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். லேசாகத் தேங்காய் வாசனை.

"டாக்டரு மேல தப்பில்லீங்க, நோயாளி எங்கியோ போய்ப் பத்தியத்த மீறுறான். ஊட்டுக்கே போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்க."

மொட்டை மாடியில்

கிட்டாரைச் சரிசெய்யாமலே ஸ்டீபனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, சனிக்கிழமை மதியம் சூலூர் பஸ் ஏறினேன். ஸ்டீபன் ஷிப்டிலிருந்து இன்னும் வரவில்லை. அவர் மனைவி மேரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கிட்டாரைப் பார்க்க வேண்டும் என்றேன். "மேல காயுதுங்கண்ணா" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் பின்னாலேயே மொட்டை மாடி ஏறினேன்.

தார்ப்பாயில் கொப்பரைத் தேங்காய் பரப்பியிருந்தது. அதன் நடுவில், சுள்ளென்ற ஆடி வெயிலில், மல்லாந்து படுத்திருந்தது நான் விற்ற பேஸ் கிட்டார். மேரி குனிந்து கொப்பரையைக் கிளறிவிட்டு, அதே கையோடு கிட்டாரையும் குப்புறத் திருப்பிப் போட்டார். "ரெண்டு பக்கமும் காயோணுமுல்லீங்க" என்றார். எதற்குக் காயப்போடுகிறீர்கள் என்று கேட்டேன். வாரம் பூராவும் மில்லுக்குப் போய்விட்டு ஈர வாடையோடு வருகிறது என்றார்.

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. கோயமுத்தூரில் பிறந்தவனுக்கு நூல் மில் காற்று தெரியாதா? நூல் அறாமல் ஓட, உள்ளே எப்போதும் தண்ணீர்ப் புகையைக் காற்றில் கலந்து விட்டுக்கொண்டே இருப்பார்கள். பத்து நிமிஷம் நின்றால் சட்டை ஒட்டும். ஸ்டீபன் ஷிப்ட் இடைவேளையில் வாசித்துப் பழகுவதற்காகக் கிட்டாரை அங்கே தன் கேபினில் வைத்திருக்கிறார். ஐந்து நாள் ஈரம் குடித்த மரம், ஆறாம் நாள் கொப்பரையோடு வெயில் காய்கிறது. பிறகு என் ஃபீலர் கேஜ் என்ன செய்யும்?

அப்பாடா! அந்த வெயிலில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். என் கையில் தப்பில்லை. நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி எடுத்தமாதிரி இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த ஸ்டீபன், நான் சிரிப்பதைப் பார்த்து விழித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பாமல், என்னைத் திருத்துகிற பணிவோடு சொன்னார்:

"நூலுக்கே ஒத்துக்கற காத்துங்கண்ணா. கம்பிக்கு ஒத்துக்காமப் போயிருமுங்களா?"

பட்டுச்சேலைகளுக்கு நடுவில்

கிட்டாரை என்னோடு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து, கடையில் ராடைத் தொடாமல் அப்படியே விட்டுவைத்தேன். ஈரமும் வெயிலும் இல்லாமல் மரம் தானாகவே பாதி நேராகிவிட்டது. அதற்கப்புறம்தான் சாவியைப் போட்டேன். ரபீக் பாய் வேலையை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். ராடை இறுக்க வேண்டியிருக்கவில்லை, தளர்த்தத்தான் வேண்டியிருந்தது. அது முனகாமல் திரும்பியது.

இனி இது மில்லுக்கும் போகக்கூடாது, மாடிக்கும் ஏறக்கூடாது, வீட்டிலேயே பூட்டி வையுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். வீட்டில் பூட்டுகிற இடம் பீரோ ஒன்றுதான். அன்று சாயந்திரமே மேரி போன் செய்தார்.

"பட்டுச்சேலைக்கு நடுவுல படுக்க வெச்சிருக்கறேனுங்கண்ணா. ஒரு கண்டிசன், என்ற சேலைல கிரீஸ் ஒட்டுச்சுன்னா நீங்கதானுங்க பதில் சொல்லோணும்."

ஆவணி முதல் முகூர்த்தம்

அடுத்த திங்கட்கிழமை ஸ்டீபன் வரவில்லை. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. ஒரு வாடிக்கையாளர் வராததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட கடைக்காரன் ராஜ வீதியில் வேறு யாரும் இருக்க மாட்டான். வேறு கடைக்குப் போனதாகச் சொன்னார்களே, அந்த சர்ச் வாத்தியக்காரரும் திரும்பி வந்து தன் கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலை மச்சான் போனில் வந்தார். "என்ன மாப்ள, வாரியா? மூணாம் நம்பர் லைன்ல உன்ற டேபிள் காலியாத்தான் கெடக்குது" என்றார். இல்லை மச்சான், கடை சரிப்பட்டுவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது பார்த்து, மாடிப்படியில் கிட்டார் பெட்டியோடு ஏறி வருகிறார் ஸ்டீபன். ரபீக் பாய் என்னைப் பார்த்தார், நான் பெட்டியைப் பார்த்தேன். "மாப்ள? இருக்கறயா?" என்று போன் கத்தியது. ஸ்டீபன் வழக்கம்போல் ஸ்டூலில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், வீட்டில் சௌக்கியமா என்று கேட்டார். பிறகு பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது வேறொரு பேஸ், நெளிந்த அகப்பைபோல் ஒரு கழுத்து.

"என்ற கிட்டாரு கல்லாட்டம் இருக்குதுங்கண்ணா. இது திருப்பூர்ல சாயப்பட்டறையில இருக்கற என்ற மச்சினனோடதுங்க, ஈரம் ஆகாதுன்னு நாஞ்சொன்னதக் கேட்டு பாய்லர் பக்கத்துலயே வெச்சுப்போட்டானுங்க."

சூலூரில் மில்லும் திருப்பூரில் பாய்லரும் ஓடுகிற வரைக்கும், மூணாம் நம்பர் லைனில் என் டேபிள் காலியாகவே கிடக்கலாம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.