மணி அண்ணாவுக்கு மீடியம்

டி-ஷர்ட்டில் அச்சடிக்கிற தொழிலில் துணியைப் பற்றித் தெரிந்துகொள்வது பாதி வேலைதான்; அந்தத் துணிக்குள் யார் நுழையப் போகிறார்கள் என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக் மாடிப்படிக்குக் கீழே என் கடை இருக்கிறது. ஆறு வருடமாகிறது. நடிகருக்கோ, கிரிக்கெட் அணிக்கோ, கொரியப் பாட்டுக் குழுவுக்கோ ரசிகர் கூட்டம் ஒன்று கிளம்பினால், அதில் யாராவது ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு என் படிக்கட்டுக்குக் கீழே வருவார். கவுன்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் கலைமணி என்று ஒருவர் வந்தார். அவருக்காகத்தான் மற்றவர்களைப் பற்றியும் சொல்கிறேன்.

சார் எங்கே?

கடைக்குள் வருகிறவர்கள் முதலில் அச்சு மெஷினைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு எனக்குப் பின்னால் தொங்கும் திரையைப் பார்ப்பார்கள். திரைக்குப் பின்னால் துணி மூட்டையைத் தவிர எதுவும் கிடையாது. "சார் இல்லையா?" என்று கேட்பார்கள். என் கணவர் கிண்டியில் வேலை பார்க்கிறார். சூடான எதையும் தொடப் பயப்படுவார். ஆரம்பத்தில் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது, ஆர்டரைச் சொல்லுங்கள் என்பதோடு சரி.

பெருங்களத்தூரிலிருந்து வந்த ஒருவர் என் எதிரிலேயே உட்கார்ந்து எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். நான் கணினியில் வரைவதைப் பார்த்தார். மெஷினில் வைத்து அழுத்தி, தாளை உரித்து எடுப்பது வரை கூடவே நின்றார். பார்சலை வாங்கிக்கொண்டு திருப்தியாகச் சொன்னார்: "வேலை சூப்பரா கீதும்மா. சார்கிட்ட சொல்லிடு."

நாலாவது கட்டம்

என் ஆர்டர் நோட்டில் நான்கு கட்டங்கள். சைஸ், நிறம், பெயர், யாருக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் துணியின் வெட்டு வேறு என்பதால் நாலாவதைச் சேர்த்தேன். முதல் மூன்று கட்டங்களில் எல்லாரும் உண்மையைச் சொல்கிறார்கள். நாலாவதில் "எனக்கு" என்று சொல்கிறவர்கள் குறைவு. கிரிக்கெட் ஜெர்சி கேட்கும் பெண்கள் "தம்பிக்கு" என்பார்கள். கொரியக் குழுவின் படம் கேட்கும் ஆண்கள் "பொண்ணுக்கு" என்பார்கள்.

சைஸ் பார்க்க ஒரு மாதிரிச் சட்டையைக் கையில் கொடுப்பேன். வேறு யாருக்காவது வாங்குகிறவர்கள் அதைக் கவுன்டரில் விரித்துப்போட்டு யோசிப்பார்கள். தனக்கே வாங்குகிறவர்கள் தூக்கித் தங்கள் தோளில் வைத்துப் பார்ப்பார்கள். மனசு பொய் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கை தோளுக்குப் போய்விடும்.

அஸ்தினாபுரத்திலிருந்து வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே கிடந்தது. இளம் ஊதா நிறத்தில், கொரியக் குழுவின் படத்தோடு ஒரு டி-ஷர்ட் வேண்டுமாம், கல்லூரியில் படிக்கும் மகளுக்காம். மாதிரிச் சட்டையைக் கொடுத்தேன். அது அவர் தோளுக்குப் போய், வயிற்றின் மேல் இறங்கி நின்றது. சட்டென்று கீழே வைத்தார். நான் கவனிக்காதது போல நாற்பத்து நாலு என்று எழுதினேன். ஆனால் ஆர்வம் விடவில்லை. அந்தக் குழுவில் உங்கள் மகளுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டேன். பத்து நிமிடம் பேசினார். யாருக்கு ஆடும்போது தோள்பட்டை வலிக்கும், யார் எந்தப் பாட்டை எந்த மனநிலையில் எழுதினார், எல்லாம் வந்தது. கிளம்பும்போது படியில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பொண்ணுக்கு இதெல்லாம் அவ்வளவா பிடிக்காதும்மா."

மேலே இருந்து ஒருவர்

சினிமா ரசிகர் மன்றத்து ஆட்கள் வந்தால் மாடியில் டாக்டருக்குக் கலக்கம். நோயாளிகள் பயப்படுகிறார்கள், ரவுடிகளை ஏன் சேர்க்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். ஒருநாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். செருப்பை வெளியே வரிசையாக விட்டுவிட்டு, சுவரோரம் ஒண்டி நின்று, படத்தின் விளம்பரத்தில் அவர்களுடைய நாயகன் போட்டிருக்கும் சட்டை எந்த மெரூன் என்று முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். குரல் உயர்ந்தது. ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர் கையுறையோடு இறங்கி வந்தார். போலீஸைக் கூப்பிடவா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். நான் விளம்பரப் படத்தை அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது மெரூனே இல்லைங்க. அரக்கு."

இருபத்திரண்டாவது பெயர்

தினேஷ் இரும்புலியூரில் செல்போன் கடை வைத்திருப்பவன். போனிலேயே நடக்கும் ஒரு கிரிக்கெட் ரசிகர் குழுவுக்கு அவன்தான் தலைவன். தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை இருக்கிறவர்கள், பாதிப் பேர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. முதல் முறையாக எல்லாரும் ஒன்றாக ரயிலேறி ஸ்டேடியத்துக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் ஸ்டேஷனில் கூடவேண்டும். இருபத்திரண்டு டி-ஷர்ட், முதுகில் அவரவர் பெயர். பட்டியலில் கடைசியாக, 'மணி அண்ணா, எக்ஸ்எல்' என்றிருந்தது.

மணி அண்ணா யார் என்று கேட்டேன். குழுவில் கலைமணி என்று பெயர் போட்டிருப்பவர். யாரும் பார்த்ததில்லை, குரலையும் கேட்டதில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும், கையால் எழுதிய ஸ்கோர் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறார். ஒவ்வொரு பந்தும் அதில் இருக்கும், நாலு நிற மையில். குழுவில் சண்டை வந்தால் அந்தப் பக்கம் வரும்வரை எல்லாரும் காத்திருப்பார்கள். அது சொன்னால் முடிந்தது. வருவதாக அவர் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனாலும் சட்டை இல்லாமல் விடமுடியாது என்றான் தினேஷ். பார்க்காத ஆளுக்கு எக்ஸ்எல் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "டைப் அடிக்கிற தோரணைய பாத்தாலே தெரியும்க்கா. ஆறடி ஆளு, மீசை கீது."

உள்பக்கம்

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தார். முப்பத்தெட்டு, நாற்பது இருக்கும். சானடோரியம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் தைத்த உடுப்புகளைச் சோதிக்கும் வேலையாம். தினேஷ் கொடுத்த பட்டியலில் கடைசிச் சட்டையை மீடியமாக மாற்றவேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன். அண்ணனுக்கு என்றார். மாதிரிச் சட்டையைக் கொடுத்தேன். முதலில் அதை உள்பக்கமாகத் திருப்பி, தோள் தையலை இழுத்துப் பார்த்து, தையல் தளர்ந்திருக்கிறது என்றார். பிறகு நேராக்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அவருடைய நடுவிரலில் பச்சை மையும் சிவப்பு மையும் ஒட்டியிருந்தன. மீடியம் என்று எழுதினேன்.

அந்த நேரம் தினேஷ் ஒரு நண்பனோடு வந்தான். தனக்கென்று ஜெர்சி வாங்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி பக்கத்தில் காத்திருந்தாள். நண்பன் அவளிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தான். போன சீசன் மூன்றாவது மேட்சில் கடைசி ஓவர் யார் போட்டது, அதற்கு முந்தினதை யார் போட்டது. இரண்டுக்குச் சொல்லிவிட்டாள். மூன்றாவது கேள்வியில் திணறினாள். நண்பன் தானே விடையைச் சொல்லிச் சிரித்தான். லேடீஸ்லாம் ஆட்டக்காரன் மூஞ்சியைப் பார்க்க வருகிறவர்கள், விடு என்றான் தினேஷ். அதில் வன்மம் இல்லை, வெயில் அதிகம் என்பது போலச் சொன்னான். கலைமணி மாதிரிச் சட்டையை நாலாக மடித்துக்கொண்டே இருந்தார். அவர்கள் போன பிறகு சொன்னார்: "அவன் சொன்ன விடையே தப்புக்கா."

முதுகில் என்ன போட

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் மறுபடி வந்தார். அந்தச் சட்டையை அடித்துவிட்டேனா என்றார். இல்லை என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது.

குழுவில் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ "சூப்பர்ணா" என்று எழுதினார்களாம். திருத்தலாம் என்று நினைப்பதற்குள் அடுத்த சண்டைக்குத் தீர்ப்புக் கேட்டார்கள். பிறகு சொல்வதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை, வந்தபோது மனசு வரவில்லை. அண்ணாவாக இருந்தவரை அவரிடம் யாரும் பரீட்சை வைக்கவில்லை. வீட்டில் அந்த ஸ்கோர் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்கு எடுத்துவைத்த குப்பை என்றுதான் நினைக்கிறார்கள். அவற்றைப் படிக்கிறவர்கள் உலகத்தில் இந்த இருபத்தொரு பேர்தான். நாளை மறுநாள் பிளாட்பாரத்தில் போய் நின்றால் அந்த இருபத்தொரு பேரும் போய்விடலாம். போகாவிட்டால் இருப்பார்கள், ஆனால் அந்த மேட்சை எல்லாரோடும் உட்கார்ந்து பார்க்க முடியாது.

எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. பெருங்களத்தூர்க்காரரின் கதையைச் சொன்னேன். சார்கிட்ட சொல்லிடு என்ற இடத்தில் சிரித்தார். நிறைய நேரம் சிரித்தார். பிறகு, கலைமணி என்று மட்டும் அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். மெஷினைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "அண்ணாவே இருக்கட்டும்க்கா. சைஸ் மட்டும் மீடியம்."

எண்ணிக்கை

சனிக்கிழமை தினேஷ் சட்டைகளை எண்ணி அடுக்கினான். எக்ஸ்எல் இல்லையே என்றான். அளவு மாறியிருக்கிறது, மணி அண்ணாவே சொன்னதுதான் என்றேன். அப்படியென்றால் நீங்கள் பார்த்தீர்களா, ஆள் எப்படி என்று கவுன்டரில் சாய்ந்துகொண்டு கேட்டான். சொல்லியிருக்கலாம். எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. நாளைக்கு நீயே பார்த்துக்கொள் என்று பார்சலைக் கட்டினேன். மீடியம் சட்டையை விரித்துப் பார்த்தான். "ஆளு ஒல்லி போல. ஆனா மீசை இருக்கும்க்கா."

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு சட்டையில் எழுத்தைத் தலைகீழாக அடித்தேன். புதன்கிழமைதான் தினேஷ் வந்தான். வந்ததும் அவனாகச் சொன்னான்.

பிளாட்பாரத்தில் இருபத்தொரு பேரும் உயரமான ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்களாம். கலைமணி வந்து நின்றபோது, யாரோடு வந்திருக்கிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்தார். நாலு நிற மை. ரயில் கிண்டியைத் தாண்டியது. பிறகு அந்தக் கேள்வி கேட்கும் நண்பன் தன் பரீட்சையை ஆரம்பித்தான். அவர் அன்றைக்கு என் கடையில் அவன் சொன்ன தப்பான விடையை எடுத்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பெட்டி முழுக்கச் சிரித்தது. ஏமாற்றிவிட்டதாகச் சொல்லி இரண்டு பேர் அன்றைக்கே குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். ஆனால் ஆட்டத்தின் நடுவில் ஒரு ரன்னைப் பற்றிச் சண்டை வந்தபோது, வரிசையில் இருந்த எல்லாரும் யோசிக்காமல் ஒரே பக்கம் திரும்பி, அண்ணாவைக் கேளு என்றார்களாம்.

அடுத்த மேட்சுக்கு இருபது சட்டை. பட்டியலை வாங்கிக் கடைசிப் பெயருக்கு வந்ததும், மணி அக்கா என்று திருத்தப் பேனாவை எடுத்தேன். தினேஷ் கையை நீட்டித் தடுத்தான். அவன் சொன்னதை இதே கவுன்டரில் ஏற்கெனவே ஒருவர் சொல்லியிருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. "அண்ணாவே இருக்கட்டும்க்கா. சைஸ் மட்டும் மீடியம்."

நாலாவது கட்டத்தை நான் இன்னும் நோட்டிலிருந்து எடுக்கவில்லை, கேள்வியைக் கேட்டுவிட்டுத் தோளைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன்.