உள்ளே ஒன்றுமில்லாத கோட்

எங்கள் குடும்பத்தில் மிலான் நகரத்தைப் பற்றி உரிமையோடு பேசக்கூடியவர் சின்ன மாமா ஒருவர்தான். அவர் அந்த நகரத்துக்குப் போனதே கிடையாது. ஆனால் அங்கே எந்தத் தெருவில் எவருடைய கடை இருக்கிறது, எவர் எவரோடு கோபம், எவர் இந்த வருடம் என்ன நிறத்தை ஒதுக்கிவிட்டார் என்பதெல்லாம், பக்கத்து வளவுச் சங்கதி போல அவர் வாயில் வரும்.

அவர் அம்மாவின் கடைசித் தம்பி. கல்யாணமாகாதவர். ஸ்காபரோவில் எங்களுடைய அப்பார்ட்மென்டில் எங்களோடுதான் இருந்தார். புளோர் வீதியில் பணக்காரர்கள் மட்டும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற ஒரு ஆண்கள் உடுப்புக் கடையில் அவருக்கு வேலை. கடைக்காரர் வயதான இத்தாலியர். கடையில் தொங்கிய அத்தனையும் இத்தாலியில் இருந்து வந்தவை.

இரவுச் சாப்பாட்டில் மாமா தொடங்கிவிடுவார். கூடாரத் துணியில் கைப்பை செய்து, உலகத்துப் பணக்காரிகள் எல்லோரையும் அதற்காக வரிசையில் நிற்க வைத்த ஒரு பெண்ணின் கதை. நூலில் அலை அலையாக நிறம் பின்னிய ஒரு குடும்பத்தின் கதை. ஆனால் அவர் மனதுக்கு மிக நெருக்கமானது கோட்டின் கதைதான். முன்னொரு காலத்தில் ஆண்களின் கோட் என்றால் போர்க்கவசம் மாதிரி இருக்குமாம். தோளில் பஞ்சு, நெஞ்சில் விறைப்புத் துணி, உள்ளே வழுக்குகிற லைனிங். மிலானில் ஒரு மனிதர் அதை மேசையில் கிடத்தி, குடலை எடுப்பது போல எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டார். மிச்சமிருந்த வெறும் துணி உடம்போடு சேர்ந்து விழுந்தது. முதலில் சிரித்தார்கள். பிறகு சினிமாக்காரர்கள் போட்டார்கள், பிறகு வங்கிக்காரர்கள் போட்டார்கள், அதற்குப் பிறகு பெண்களும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார்கள். "உலகம் முழுக்க ஆம்பிளையளுக்கு மூச்சுவிடக் குடுத்தது அந்தாள்தான்" என்று மாமா முடிப்பார்.

அம்மாவும் ஒரு கோட் தொழிற்சாலையில்தான் வேலை செய்தார். விடிய முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், நாள் முழுக்க ஆண்களின் கோட்டுகளுக்குத் தோள் வைத்துத் தைப்பது அவருடைய வேலை. அதனால் இந்தக் கதையை அவர் நம்பவில்லை. தம்பி சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்திருந்தார். உள்ளுக்கு ஒன்றுமில்லாத கோட்டை ஆராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று ஒருமுறை என்னிடம் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மாமா உடுப்புப் பை ஒன்றைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. கடைக்கார முதியவருக்கு இனி ஏலாது. நாளாந்த வேலைகளை மாமாவிடம் ஒப்படைக்க யோசிக்கிறார். திங்கட்கிழமை மிலானில் இருந்து இரண்டு பேர் கடை பார்க்க வருகிறார்கள். அவர்களுக்கு முன்னால் மாமாவை இனி இவர்தான் என்று அறிமுகப்படுத்தப் போகிறார். அன்றைக்குப் போடுவதற்காகத் தன்னுடைய சொந்தக் கோட்டையே கொடுத்திருக்கிறார். கோட்டின் குடலை உருவிய அந்த மிலான்காரர் முதன்முதலாகத் தைத்து விற்ற கோட்டுகளில் ஒன்று அது. கடை திறந்த நாளில் முதியவர் போட்டிருந்ததும் அதைத்தான்.

மாமா பையைத் திறந்து கோட்டை அலுமாரிக் கதவில் கொழுவிவிட்டுத் தலைமயிர் வெட்டப் போனார். நாங்கள் மூவரும் அதைச் சுற்றி நின்றோம். சாம்பலும் மண்ணிறமும் கலந்த மெல்லிய துணி. அப்பா கழுத்தில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "உது காயப்போட்ட துவாய் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அம்மா கையை உள்ளே விட்டார். தோளில் பஞ்சு இல்லை. முன்பக்கத்தில் விறைப்பு இல்லை. லைனிங் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தையல் தெரிந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அது ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்லவேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால், எங்கள் ஆட்கள் பார்க்டேலில் ஒரே அறைக்குள் நெருக்கியடித்து இருந்த காலத்தில், மாமா முதன்முதலாக ஒரு வேலைக்கு நேர்முகம் போனார். தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கை விரல்களைத் தாண்டித் தொங்குகிற கோட். அங்கே இருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம். மாமா வீட்டுக்கு வந்து அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தப் பனிக்காலம் முடியும்வரை வெறும் ஸ்வெட்டரோடு திரிந்தார். அம்மா இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"வெள்ளைக்காரன் அரைவாசி தைச்ச கோட்டைக் குடுத்து என்ரை தம்பியைப் பேய்க்காட்டியிருக்கிறான்" என்றார் அம்மா. மாமாவிடம் கேட்கலாமே என்று அப்பா சொன்னதற்கு, கேட்டால் அக்காவுக்கு ஏன் கரைச்சல் என்று தடுத்துவிடுவான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமா கடைக்குப் போன பிறகு அம்மா தையல் மெஷினைச் சாப்பாட்டு மேசையில் தூக்கி வைத்தார். தொழிற்சாலையில் மிச்சம் விழுந்த துண்டுகளை அவர் ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தார். அதிலிருந்து நல்ல தோள் பஞ்சு ஒரு சோடி எடுத்தார். ஒருபக்கம் பசை தடவிய விறைப்புத் துணிச் சுருள் ஒன்றும் இருந்தது. அதைத் துணிக்குமேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினால் சாகும்வரை ஒட்டிக்கொண்டு கிடக்கும். கோட்டின் கைகள் இரண்டையும் பிரித்தார். தோளில் அதிகமாகத் தெரிந்த துணியை வெட்டி ஒதுக்கினார். முன்பக்கம் முழுவதற்கும் விறைப்புத் துணியை ஒட்டினார். லைனிங்குக்குத் தன்னுடைய ஊதாப் பட்டுச் சேலை ஒன்றை எடுத்து வந்தார். அதை அவர் என் பிறந்தநாளுக்குக்கூட உடுத்தவில்லை, அழுக்காகிவிடும் என்று. கத்தரிக்கோல் சேலைக்குள் இறங்கிய சத்தத்தில் அப்பா அறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

முடிந்தபோது கோட் நிமிர்ந்து நின்றது. உள்ளே ஆள் இல்லாமலே ஒரு பொலிஸ்காரன் நிற்பது போல இருந்தது. நான் அவ்வளவு அழகான கோட்டை அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா அதைப் பைக்குள் வைத்துப் பூட்டினார். மாமா கடையில் போய்த் திறந்து பார்க்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை. மாமாவே என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். தன்னுடைய ஆள் ஒன்று அங்கே இருந்து பார்க்கவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்திருக்கும். பஸ்ஸிலும் சப்வேயிலும் அவர் உட்காரவேயில்லை, பை கசங்கிவிடும் என்று.

கடையின் பின்னறையில் ஒரு நீளக் கண்ணாடி இருந்தது. மாமா பையின் சிப்பை இறக்கினார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது சிரிக்கப்போகிறார் என்று.

அவர் முதலில் பையை மாறி எடுத்து வந்துவிட்டோமோ என்று நினைத்திருக்கவேண்டும். கழுத்துப் பட்டியை விரித்து அங்கே தைத்திருந்த பெயரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு கோட்டின் முன்பக்கத்தைக் கையில் எடுத்து மெதுவாக மடித்தார். அது மடியவில்லை, மட்டை போல எதிர்த்து நின்றது. ஊதாப் பட்டை விரலால் தொட்டார். அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் வடிந்து போவதை நான் கண்ணால் கண்டேன். ஒரு மனிதரின் முகம் அப்படி நிறம் மாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"அக்கா" என்றார். மூச்சு மட்டும்தான் வந்தது. சத்தம் வரவில்லை.

அம்மாதான் செய்தவர், வடிவாக இருக்கிறதுதானே என்று நான் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. நகத்தால் விறைப்புத் துணியின் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். துணியும் சேர்ந்து கிழியப் பார்த்தது. உடனே கையை எடுத்துவிட்டார். அம்மாவின் வேலை அப்படி. தோளில் பிரித்து வெட்டிய இடத்தைத் தடவினார். அங்கே திரும்ப வைப்பதற்குத் துணி மிச்சம் இல்லை.

அப்போது கதவைத் திறந்துகொண்டு முதியவர் வந்தார். மிலான்காரர்கள் வந்து கடையின் முன்பக்கத்தில் கோப்பி குடிக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதிச் சொல்லில் நின்றார். நான் பயந்துபோனேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கிட்ட வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் சட்டைக்குள் கைவைத்துப் பார்ப்பது போலக் கோட்டுக்குள் கையை விட்டார். அந்தக் கை உள்ளேயே நின்றுவிட்டது. அவருடைய வாய் திறந்திருந்தது. கதவடியில் அந்த மிலான்காரர்கள் இரண்டு பேரும் வந்து நின்றார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கடையில் போட்டிருந்த பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் முதியவர் கேட்டார், இதை யார் செய்தது என்று.

நான் வாயைத் திறந்தேன். மாமா என் கையை எலும்பு நோகப் பிடித்து அமர்த்தினார். நான்தான், என்றார். தோள் விழுந்து கிடந்தது பிடிக்கவில்லை, தெரிந்த ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன், என்றார். இத்தாலிக் கோட்டைப் பற்றி எங்கள் வீட்டில் இரவு இரவாகப் பேசிய மனிதர், அந்த இத்தாலியருக்கு முன்னால், கோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு மூடனாக நின்றார். முதியவருக்கு அது கோட் போனதைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கவேண்டும். அவர் மாமாவை ஆரோ அந்நிய ஆளைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். உனக்குமா விளங்கவில்லை, என்று மட்டும் கேட்டார். பிறகு கோட்டைத் தன் கையில் போட்டுக்கொண்டு, இன்றைக்கு வீட்டுக்குப் போ என்றார்.

திரும்பும்போது கென்னடி சப்வே நிலையத்தில் மாமா எனக்கு ஒரு டோனட் வாங்கித் தந்தார். தனக்கு ஒன்றும் வாங்கவில்லை. பஸ் வரும்வரை வாங்கில் உட்கார்ந்து தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அம்மாட்டைச் சொல்லாதை பிள்ளை. கோட்டைப் பாத்துட்டு எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நிண்டவை எண்டு நான் சொல்லுவன். நீ ஓம் எண்டு சொன்னால் காணும்."

யோசித்துப் பார்த்தேன். அது பொய்யும் இல்லை. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றார்கள். நான் ஓம் என்றேன்.

அம்மா வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போதே மாமா தொடங்கிவிட்டார். மிலான்காரர்கள் தோளைத் தடவித் தடவிப் பார்த்தார்களாம். அந்தப் பெண் ஊதாப் பட்டைப் பார்த்து வாயில் கைவைத்தாராம். முதியவருக்குப் பேச்சே வரவில்லையாம். நான் ஓம், ஓம் என்று பக்கத்தில் நின்றேன். அம்மா மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கடையில் தக்காளி வாங்கி வந்தால்கூட எங்கே வாங்கினாய், என்ன விலை, வேறு கடையில் பார்த்தாயா என்று குடைந்து எடுக்கிறவர், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புது வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. வேலை நாளில் தம்பி ஏன் தனக்கு முன்னால் வீட்டில் நிற்கிறான் என்றும் கேட்கவில்லை. பெரிய மீன் துண்டை மாமாவின் தட்டில் வைத்து, "சாப்பிடு தம்பி" என்றார்.

சாப்பாடு முடிந்த பிறகு அவர் அந்தத் துண்டுத் துணிப் பையையும், மிச்சமிருந்த விறைப்புத் துணிச் சுருளையும் எடுத்துப் போய், எங்கள் மாடியின் நடைபாதையில் இருந்த குப்பைத் துவாரத்துக்குள் தள்ளினார். அது பல மாடி கீழே விழுகிற சத்தம் கேட்டது. ஒரு ஊசியைக்கூட எறியாதவர். வீட்டைத் துப்புரவாக்குகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா அந்தக் கடைக்குப் போகவில்லை. கொஞ்ச நாள் சும்மா திரிந்தார். அந்த நாட்களிலும் அம்மா காலையில் சாப்பாடு கட்டிக் கொடுப்பார். மாமாவும் வேலைக்குப் போகிறவர் போல வாங்கிக்கொண்டு போவார். பிறகு மார்க்கம் பக்கம் கல்யாண உடுப்பு வாடகைக்கு விடும் ஒரு கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. கூடுதல் சம்பளம், பக்கத்தில் என்பதால் மாறிவிட்டார் என்று வீட்டில் சொல்லப்பட்டது.

மாமா கதை சொல்வதில் வல்லவர். சொந்தக்காரர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கோட்டின் கதை வந்துவிடும். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வளர்ந்தது. மிலான்காரி அம்மாவின் விலாசம் கேட்டாள். இத்தாலிக்கே வந்து தைக்கச் சொன்னாள். கதை அந்த இடத்துக்கு வரும்போது அம்மா எழும்பி, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விடுவார். கதை முடிந்து நெடுநேரம் கழித்துத்தான் வெளியே வருவார்.

அம்மாவுக்குப் புகழ்ச்சி கேட்கக் கூச்சம் என்று நான் நினைத்தேன். அதனால் மாமாவுக்குத் துணையாக, "ஓம், நானும் அங்கை நிண்டு பாத்தனான்" என்று, குசினிக்குள் நிற்கும் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, உரத்துச் சொல்வேன்.