முனாஸ் மச்சான் எழுதிய ஒரேயொரு வாழ்த்து அட்டை

கல்முனையில் எங்கள் வாப்பா தொடங்கிய வாழ்த்து அட்டை அச்சகம் ராத்தா நஜ்லாவுக்குச் சீதனமாகப் போனது. வீடு பெண்ணுக்கு, அச்சகம் அந்த வீட்டின் முன்னறையில், ஆகவே அதுவும் பெண்ணுக்கு. தம்பியான எனக்குக் கிடைத்தது அட்டைக்கட்டு சுமக்கும் மோட்டார் சைக்கிள். நான் குறை சொல்லவில்லை. சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்?

அந்த வீட்டுக்கு அட்டாளைச்சேனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர் முனாஸ் மச்சான். நல்ல மனிதர். மெஷினுக்கு எண்ணெய் விடுவார், கடைகடையாக ஏறி ஓர்டர் பிடிப்பார், வாய் ஓயாது. ஆனால் அட்டைக்குள் வரும் கவிதையெல்லாம் ராத்தா எழுதுவது. பெருநாள், கலியாணம், காரைதீவுக் கடைகளுக்குத் தைப்பொங்கல், எல்லாம் அவள் கைதான்.

இந்த நோன்பில் மச்சானுக்கு என்ன பேய் பிடித்ததோ, பெருநாள் அட்டையின் பின்புறம் ‘கவிதை: முனாஸ்’ என்று அடித்துவிட்டார். ராத்தா பார்த்தாள்.

“கவிஞருக்கு இஞ்ச இடமில்ல. உங்கட உம்மாட ஊட்ட போங்க.”

எங்கள் பக்கத்தில் சண்டை என்றால் தாய்வீடு போவது ஆண்கள்தான். போன இடத்திலும் நிம்மதியில்லை. அந்த வீடு இப்போது அவருடைய தங்கையின் சீதனம். மச்சானைக் கண்டும் தங்கையின் கணவர் கதிரையை விட்டு எழும்பவேயில்லையாம். மச்சான் விறாந்தையில் பாய் போட்டார். நோன்பு திறக்கும்போது கஞ்சியும் அவருக்குக் கடைசியாகத்தான் வந்தது. பெருநாளுக்குள் ராத்தா கதவைத் திறப்பாளா என்ற கவலையில் மனிதர் பாதியாகிவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

விலை கூடிய தங்க எழுத்து அட்டையொன்றில் கையெழுத்து வைத்து என்னிடம் தந்தனுப்பினார். உள்ளே, ‘நீயில்லா வீட்டில் பிறையும் இருட்டு.’

ராத்தா அதை என் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். “இத எழுதினது நான். என்ட கவிதைய எனக்கே அனுப்புறாரா? சொந்தமா எழுதச் சொல்லு ஸாஜித்.”

திரும்பப் போய்ச் சொன்னதும் மச்சான் வெற்று அட்டையும் பேனையுமாக உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் வாழ்த்து விற்ற மனிதருக்கு ஒரு வரி வரவில்லை. பேனையைக் கடித்தார்.

“நோன்பு மச்சான்” என்றேன்.

“சும்மா இரிடா.”

பின்னேரம் அஸர் தொழுது வந்துதான் எழுதி முடித்தார். கொண்டுவந்து ராத்தாவிடம் கொடுத்தேன்.

‘நஜ்லா. பேர் போட்டது பிழை. எல்லா அட்டையிலயும் நானே மையால வெட்டிர்றன். இஞ்ச கஞ்சியில உப்புமில்ல, என்னோட கதைக்க ஆளுமில்ல. உன்ன நினைச்சா வயிறு எரியுது, நோன்பாலயா எண்டு தெரியா. வரட்டா?’

ராத்தா இரண்டு தரம் வாசித்தாள். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“இத அவரேதான் எழுதினாரா?”

“ஓம் ராத்தா. பக்கத்தில இருந்தன்.”

“இவ்வளவு மோசமா வேற ஆராலயும் எழுத ஏலா. வரச் சொல்லு.”