நம்பர் வைத்த ரிமோட்

ரிக் லாரி ஓட்டி ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டு வந்த கருப்பண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலக்கையும் போயின. வீட்டில் அவருக்கு மிஞ்சிய அதிகாரம் டிவி ரிமோட் ஒன்றுதான். இடக்கைக் கட்டைவிரலால் அவர் வைக்கிற சேனலைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த டிவி புகைந்து அணைந்ததும், மகன் குருமூர்த்தி அவரைச் சக்கர நாற்காலியோடு அஸ்தம்பட்டி டிவி கடைக்கே கூட்டிப் போனான். அப்பாமீது அவ்வளவு அக்கறை.

கடைக்காரர் கதவு அகலத்தில் ஒரு டிவியைக் காட்டினார். "ரிமோட்டுல நம்பரே கிடையாதுங்க. வாயில சொன்னாப் போதும், சேனல் மாறிக்கும்."

"அப்பாவுக்குச் சிரமமே இல்ல" என்று பூரித்தான் மகன்.

கூட வந்திருந்த கருப்பண்ணனின் மனைவி பாப்பாத்தி கேட்டாள். "ஏஞ்சாமி, உங்கொப்பன் வாயத் தொறந்து பேசி எத்தன மாசமாச்சு?"

குருமூர்த்தி கொஞ்சம் யோசித்தான். "அதுக்கென்னம்மா, நாங்க சொல்லிக்கறோம்."

"அதானே பாத்தேன். பிள்ளைங்க எதுக்கு இருக்கறீங்க?"

இதற்குள் கருப்பண்ணன் பக்கத்திலிருந்த சின்ன டிவியின் ரிமோட்டை எடுத்திருந்தார். அதில் நம்பர்கள் இருந்தன. கடைக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கப் பார்த்தார், மகனும் இழுத்துப் பார்த்தான். இரண்டு கை வேலையை ஒரே கையில் செய்கிறவரின் பிடி அது.

"பில்லு அதுக்கே போடுங்க" என்றாள் பாப்பாத்தி.