சங்குக் கோடு

விம்கோ நகரைத் தாண்டி நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு நாள் என்பது காலை ஆறு மணிச் சங்கில்தான் பிறக்கும். ஆறிலிருந்து இரண்டு வரை முதல் ஷிஃப்ட், இரண்டிலிருந்து பத்து வரை இரண்டாவது, மிச்சம் மூன்றாவது. காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கே அந்தச் சங்கு கேட்கும். அதைக் கேட்டு வளர்ந்த நான்தான் இந்தத் தப்பைச் செய்தேன்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. பாய்லரின் நீராவி அழுத்தத்தை நாளுக்கொரு சார்ட்டாக எக்செல்லில் போடுவது என் வேலை. மூன்று ஷிஃப்டும் தனித்தனியாகத் தெரியட்டும் என்று எட்டு மணி நேரத்துக்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டேன். கம்ப்யூட்டர் நள்ளிரவிலிருந்து எண்ணியது. கோடுகள் காலை எட்டிலும் மாலை நாலிலும் போய் நின்றன. கீழே இருந்த மணி எண்கள் ஜெராக்ஸில் அழிந்துவிடும். இடது ஓரக் கட்டம் ராத்திரி ஷிஃப்ட், நடுக்கட்டம்தான் முதல் ஷிஃப்ட் என்று எல்லோரும் படித்தார்கள், நானும்தான்.

ஒரு நாள் நடுக்கட்டத்தில் அழுத்தம் சடாரென்று விழுந்தது. முதல் ஷிஃப்ட் பாய்லர்காரருக்கு மெமோ கொடுத்தார்கள். அவர் ராயபுரத்திலிருந்து ரயிலில் வருபவர். பல வருட டெம்பரரி, அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆக வேண்டியவர். மெமோ நின்றால் வேலையே போய்விடும்.

"சங்கு ஊதி நான் கைமாத்தி வுட்டப்போ மீட்டர் முள்ளு நேரா நின்னுகினு இருந்துச்சு தங்கச்சி. உன் சார்ட்டைக் காட்டி என் ஷிஃப்ட்லதான் வுழுந்துச்சுன்னு சொல்றாங்கோ," என்றார் என் மேஜை முன்னால் நின்று.

பதிவேட்டைப் புரட்டினேன். விழுந்த நேரம் பிற்பகல் இரண்டு இருபது. அப்போது அவர் ஆலையிலேயே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

எக்செல்லுக்கு முழு நாள் என்றால் ஒன்று, ஆறு மணி என்றால் கால். சார்ட்டின் தொடக்கத்தைக் கால் என்றும், முடிவை ஒன்றேகால் என்றும், இடைவெளியை மூன்றில் ஒன்று என்றும் மாற்றினேன். கோடுகள் இரண்டு மணியிலும் பத்து மணியிலும் வந்து உட்கார்ந்தன. பின்னணியின் சாம்பல் நிறத்தை எடுத்தேன். படுக்கைக் கோடுகளை வெளிறிய புள்ளிகளாக்கினேன். ஷிஃப்ட் மாறும் கோடுகளை மட்டும் தடித்த கறுப்பில் விட்டேன்.

விசாரணையில் அதிகாரி பழைய சார்ட்டை விரித்தார். "முதல் ஷிஃப்ட் கட்டத்துலதானே விழுந்திருக்கு?"

"கட்டமே தப்பா கீது சார். தப்பு என்னுது."

"கீதுவா? ஆபீஸ்ல தமிழ் பேசும்மா."

இரண்டு பேர் சிரித்தார்கள். வழக்கமாக அந்த அறைக்குள் போனதும் நான் 'இருக்கு'க்கு மாறிவிடுவேன். அன்றைக்கு மாறத் தோன்றவில்லை.

"தமிழ்தான் சார் பேசிகினு கீறேன்."

புதிய சார்ட்டை அவர் முன் வைத்தேன். இரண்டு மணிக் கறுப்புக் கோட்டைத் தாண்டித்தான் அழுத்தம் விழுந்திருந்தது. அழுத்தம் விழுந்த அன்று இரண்டே காலுக்கு, ரிப்பேர் என்று பாய்லருக்கு எரியெண்ணெய் போகும் வால்வை மூடச் சொல்லி பாய்லர் அறை வாசலில் நின்று கத்தியவர் அந்த அதிகாரிதான். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை.

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாய்லர்கார அண்ணன் அந்த மாதமே பர்மனென்ட் ஆனார். பாய்லர் ஆட்கள் என் கறுப்புக் கோட்டுக்குச் சங்குக் கோடு என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த வாரம் அதிகாரி கூப்பிட்டார். "இந்தத் தடிக்கோடு அசிங்கமா இருக்கு. எடுத்துடு."

"அது இருக்க வேண்டிய இடத்துல கீது சார்," என்றேன். இடத்துக்குத் திரும்பியதும் அதை இன்னும் தடிமனாக்கினேன்.