பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு பயணம்

ஊர்ச்சனம் நாளைக்கு எங்கே போகும் என்று இன்றைக்கே சொல்வது என் தொழில்; சாத்திரம் பார்ப்பவருக்காவது உட்காரப் பாய் போடுவார்கள், எனக்கு நாயை அவிழ்த்துவிடுவார்கள். படிவமும் குடையுமாக வீடு வீடாக ஏறி, யார் எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள், எதில் போனீர்கள் என்று கேட்பேன். அதையெல்லாம் பதுளையில் ஒரு கம்ப்யூட்டருக்குள் போட்டால், எந்தப் பாதைக்கு எத்தனை பஸ் வேண்டும் என்று அது சொல்லும். அந்த வருடம் அது சொல்ல வேண்டியிருந்த முக்கியமான பதில், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவுக்குச் சாயங்கால பஸ் விடலாமா என்பது. பதுளையிலிருந்து அங்கே கடைசி பஸ் இரண்டு மணிக்கு. அதைத் தவறவிட்டால் ஒன்றரை மணி நேரம் மலை ஏற வேண்டும். பஸ்ஸுக்கு நின்று கால் கடுத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கே?

வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. பதுளை ஓரத்தில் ஒரு வீட்டில், போன ஞாயிறு கணவர் பண்டாரவளைக்குச் சுகமில்லாத பெரியப்பாவைப் பார்க்கப் போனார் என்று மனைவி சொன்னார். குளித்துவிட்டு வந்த கணவர், அதே ஞாயிறு அப்புத்தளையில் கரப்பந்தாட்டம் பார்த்ததாகச் சொன்னார்.

நான் ஒரு மடச்சி. சரிபார்க்கிறேன் என்று இரண்டையும் சத்தமாக வாசித்துவிட்டேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டையும் எழுதிக்குங்க மிஸ். வர்ற ஞாயித்துக்கெழம இவரு எங்கயும் போக மாட்டாரு, அதையும் எழுதிக்குங்க."

முக்கிய நோக்கம்

ஒரு பயணத்துக்கு ஒரு நோக்கம்தான் எழுதலாம். அப்புத்தளை பிலோமினா அக்கா ஞாயிறு காலையில் பூசைக்குப் போகிறார். பூசை நடக்கும்போதே முன்வரிசையில் மகளுக்கு ஏற்ற மாப்பிள்ளை இருக்கிறாரா என்று பார்க்கிறார். முடிந்ததும் அப்படியே சந்தைக்கு. இதில் எது முக்கியம் என்று கேட்டேன். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஃபாதர் இதப் படிக்க மாட்டாருன்னா, மரக்கறின்னு போடுங்க."

எங்கேயும் போகவில்லை

கடைசியாக அந்த மேல்பிரிவுக்குப் போனேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு கொண்ட லயம். பதினொரு வீட்டில் ஒரே பதில்: டவுன் பக்கமே போகவில்லை. பன்னிரண்டாவது வீட்டு மாரியாயி அக்கா மட்டும் போயிருந்தார். எதற்கு என்று கேட்டதும் விரல் மடக்கத் தொடங்கினார். முதல் வீட்டுக்குக் காய்ச்சல் மருந்து, மூன்றாம் வீட்டு மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாட்டுவது, ஐந்தாம் வீட்டுப் பிள்ளைக்குச் சப்பாத்து, அதுவும் கால் அளவுக்கு வெட்டிய ஈர்க்குச்சியோடு. லயத்தில் யாராவது ஒருவர் போனால் எல்லார் வேலையையும் பார்த்துக்கொண்டு வருவதுதான் அங்கே வழக்கம். அன்றைக்கு மருந்துக் கடை வரிசையில் நின்றதில் பஸ் போய்விட்டது. முழங்கால் வலியோடு பதினொரு வீட்டுப் பைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறியிருக்கிறார்.

நான் எழுதியது: பன்னிரண்டு வீடு, ஒரு பயணம். இப்படி எழுதினால் பஸ் கிடைக்காதே என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. அக்கா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்: "பஸ் இல்லன்னு நாங்க போகல. நாங்க போகலன்னு பஸ் இல்ல. இதுக்கு ஒங்க கம்ப்யூட்டரு என்னா மிஸ் சொல்லுது?"

எண்ணும் நாள்

படிவம் முடிந்ததும் ஒரு ஞாயிறு காலை மேல்பிரிவு பஸ் தரிப்பிடத்தில் நின்று, ஏறுகிறவர்களைத் தலையெண்ண வேண்டும். எந்த ஞாயிறு என்பதையும் நான் அக்காவிடம் சொல்லித் தொலைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் லயமே கல்யாணச் சேலையில் நிற்கிறது. காலில் மாவுக்கட்டுப் போட்ட தாத்தாவை இரண்டு பேர் தாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆட்டோடு வந்திருந்தார். ஆடு பயணியா என்பதற்கு விதி இல்லாததால் அதை விட்டு எண்ணினேன். ஐம்பத்திரண்டு.

எல்லாரும் ஏறிய பிறகு மிதிபலகையில்கூட எனக்கு இடமில்லை. பஸ் நகரும்போது மாரியாயி அக்கா யன்னலால் தலையை நீட்டினார்: "அடுத்த பஸ்ஸுல வாங்க மிஸ். அடுத்த பஸ் இல்லன்னா, அதையும் எழுதிக்குங்க."

நடந்தே இறங்கினேன். பதுளை பஸ் நிலையத்தில் ஐம்பத்திரண்டு பேரும் வடை தின்றுகொண்டு இரண்டு மணி பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். டவுனில் ஒருவருக்கும் வேலை இல்லை. எல்லாவற்றையும் அக்கா வெள்ளிக்கிழமையே வாங்கி முடித்திருந்தார்.

ஐந்து மணி பஸ்

பஸ் வந்துவிட்டது. போன வாரம், கணித்தபடி கூட்டம் இருக்கிறதா என்று பார்க்க நானே ஏறினேன். மேல்பிரிவுக்குப் போக ஒரே ஒரு ஆள்தான் இருந்தார், மடியிலும் காலடியிலும் பைகளோடு. மற்றவர்கள் எங்கே அக்கா என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அதான் நான் போறேனே மிஸ், அவங்க எதுக்கு?"

ஐம்பத்தொரு பேர் விஷயத்தில் என் முன்கணிப்பு மண்ணைக் கவ்வினாலும், மாரியாயி அக்கா இப்போது உட்கார்ந்துகொண்டு மலை ஏறுகிறார் என்பதால் அந்தத் தப்பைத் திருத்தச் சொல்லி இதுவரை நான் யாருக்கும் எழுதவில்லை.